வீல்சேர் வேனைச் சாதா சீட்டுக்கு மாற்றிய பிறகு வரும் தொல்லைகள்: அறிகுறி வாரியாக

வீல்சேர் வேனிலிருந்து லிஃப்டைக் கழற்றிவிட்டுப் பழையபடி சீட்டுகளை மாட்டுவது, இரண்டு பேர் சேர்ந்தால் முடிகிற வேலை. அதன்பிறகு வருகிற தொல்லைகளுக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஏர்பேக் விளக்கு அணையாது, காலையில் பேட்டரி செத்திருக்கும், மழை பெய்தால் தரை நனையும். இப்படி வருகிற வண்டிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. புதிதாக மாட்டியதைக் கடைசியில்தான் பார்ப்பேன். கழற்றியவர் பாதியில் விட்டுப்போன வயரும் மூடாமல் விட்ட ஓட்டையும் எங்கே என்று முதலில் தேடுவேன். பெரும்பாலும் கோளாறு அங்கேயே அகப்பட்டுவிடும்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும் பணம் தின்னும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகத் தாவலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## முதலில் பார்க்க வேண்டியது: தரை வெட்டிய வண்டியா?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

தரை கம்பெனியில் வந்தபடியே இருந்தால்: உயரமான வேன், பின்னாலோ பக்கவாட்டிலோ மடங்கும் லிஃப்ட், தரையில் பதித்த அலுமினிய டிராக் என்று இருக்கும். பழைய சீட் நின்ற இடங்கள் பெரும்பாலும் ப்ளைவுட்டுக்கு அடியில் அப்படியே இருக்கும். இந்த வண்டியை மாற்றலாம். கீழே வருவதில் பெரும்பகுதி இதற்குத்தான்.

நடுத்தரை தாழ்த்தப்பட்டிருந்தால்: சாய்தளம் வைத்த மினிவேன்களில் பெரும்பாலும் இதுதான். தரையை வெட்டி எடுத்து 25 முதல் 35 சென்டிமீட்டர் வரை கீழே இறக்கியிருப்பார்கள். அதற்காக எரிபொருள் டேங்கை மாற்றியோ இடம் நகர்த்தியோ வைத்திருப்பார்கள், சைலன்சர் குழாய் சுற்றிப் போகும், பின் சஸ்பென்ஷனிலும் கை வைத்திருப்பார்கள். கம்பெனி சீட்டின் கால்கள் உட்கார வேண்டிய தரையே அங்கே இல்லை. இரும்பு ஸ்டாண்டு அடித்து உயர்த்தி அதன்மேல் சீட் போட்டுத் தர யாராவது முன்வருவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். தரையைச் செய்த நிறுவனம் அந்தத் தரைக்கென்றே சோதித்த சீட் வைத்திருந்தால் அதை வாங்கலாம். இல்லையென்றால் வண்டியை வீல்சேர் தேவைப்படும் ஒரு வீட்டுக்கு விற்றுவிட்டு, சாதா வேன் வாங்குவதுதான் கணக்குக்கு ஒத்துவரும். இப்படிச் செய்த வண்டிகள் எளிதில் கிடைப்பதில்லை, தேடுகிறவர்கள் இருப்பார்கள்.

எந்த வண்டியானாலும் தரையில் ட்ரில் வைக்குமுன் அந்த இடத்துக்கு நேர் கீழே என்ன ஓடுகிறது என்று கண்ணால் பாருங்கள். பிரேக் குழாய், எரிபொருள் குழாய், பின்பக்க ஏசிக் குழாய் எல்லாம் அங்கேதான் போகும். ஹைபிரிட் அல்லது மின்சார வேனில் ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் கண்ணில் பட்டால் ட்ரில்லைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அது உங்கள் வேலை இல்லை.

## ஏர்பேக் விளக்கு அணையவில்லை

சாவியைத் திருப்பியதும் சில விநாடி எரிந்து அணைந்தால் எல்லாம் சரி. நின்று எரிந்தாலோ மினுக்கினாலோ, மோதும் நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று மாதக்கணக்கில் விட்டுவைப்பவர்கள் உண்டு, வேண்டாம்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் கழன்றிருக்கிறதா? மஞ்சள் நிறக் கனெக்டர் என்றால் ஏர்பேக் அல்லது பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனர் சம்பந்தப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடுமுன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அப்புறம் கனெக்டரை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி, அதன் இரண்டாவது பூட்டையும் தள்ளிவிடுங்கள். பாதி நுழைந்த கனெக்டர் முதல் நாள் வேலை செய்யும். பள்ளத்தில் இறங்கியதும் விளக்கு வந்துவிடும்.

முன் சீட் சக்கரத்தோடு கழன்று வரும் வகையா? வீல்சேர் வேன்களில் முன்பயணி சீட்டையோ ஓட்டுநர் சீட்டையோ உருட்டி வெளியே எடுக்கும்படி செய்திருப்பார்கள். அந்தச் சீட்டின் கனெக்டரை எத்தனையோ முறை கழற்றி மாட்டியிருப்பார்கள். ஊசிகள் வளைந்திருக்கும், மண்ணும் முடியும் அடைந்திருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்து, ஊசிகள் நேராக நிற்கின்றனவா பாருங்கள். வளைந்ததை இடுக்கியால் நிமிர்த்தினால் கொஞ்ச நாள்தான் தாங்கும், கனெக்டரையே மாற்றிவிடுங்கள்.

எல்லாம் மாட்டியும் விளக்கு எரிகிறதா? சீட் கழன்றிருந்தபோது ஒருமுறை சாவியைத் திருப்பியிருந்தாலே போதும், பிழைக் குறியீடு பதிவாகியிருக்கும். பல வண்டிகளில் அது தானாகப் போகாது. இன்ஜின் பிழைக் குறியீட்டை மட்டும் படிக்கிற மலிவு ஸ்கேனர் இதற்கு உதவாது. ஏர்பேக் அமைப்புக்குள் நுழையக்கூடிய ஸ்கேனர் வேண்டும். அழித்த பிறகு திரும்ப வந்தால் எந்தச் சீட், எந்தச் சுற்று என்று ஸ்கேனரே சொல்லும். அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பட்டறையில் பாதி நேரம் மிச்சமாகும்.

முன்பயணி சீட்டையே வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டீர்களா? ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, எவ்வளவு எடை என்று பார்க்கும் சென்சார் அந்தச் சீட்டுக்குள் இருக்கலாம். அது இந்த வண்டியின் கம்ப்யூட்டரோடு சேர்த்து அளவு சரிசெய்யப்பட வேண்டியது. பெரியவர் உட்கார்ந்தும் 'பயணி ஏர்பேக் ஆஃப்' என்று காட்டினால் காரணம் இதுதான். இங்கே நிபுணரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

இரண்டு காரியங்களைச் செய்யவே கூடாது. ஏர்பேக் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து ஓம் அளக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரமே அதைச் சீண்டக்கூடும். அடுத்து, விளக்கை அணைக்க ஒரு ரெசிஸ்டரைச் சொருகித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். விளக்கு அணையும். ஏர்பேக் இருக்காது.

## சீட் ஆடுகிறது

சீட்டின் மேல்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டுங்கள். இன்னொருவரைத் தரையோரம் படுத்து எது அசைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சீட்டின் கால் டிராக்கில் அசைகிறதா, போல்ட்டில் அசைகிறதா, இல்லை தரையே மேலெழுகிறதா? மூன்றுக்கும் வழி வேறு.

டிராக்கில் அசைந்தால்: வேன்களில் அதிகம் வருகிற டிராக்கில் ஓர் அங்குல இடைவெளிக்கு ஒரு வட்டத் துளை இருக்கும், துளைகளுக்கு நடுவே வாய் குறுகியிருக்கும். சீட் காலின் குமிழ்கள் வட்டத் துளையில் இறங்கி, அரை அங்குலம் நகர்ந்து, குறுகிய வாய்க்கு அடியில் நிற்க வேண்டும். அப்போது பூட்டு ஊசி ஒரு வட்டத் துளையில் விழும். ஊசி விழவில்லை என்றால் சீட் மாட்டியதுபோலத் தெரியும். ஆனால் திரும்ப அரை அங்குலம் நகர்ந்ததும் கையோடு மேலே வந்துவிடும். பெரும்பாலும் துளையில் அடைந்த மண்ணும் கல்லும்தான் காரணம். குச்சியால் நோண்டி, வாக்யூம் பிடித்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். எண்ணெய் விடாதீர்கள், மண் இன்னும் ஒட்டும். துளையின் ஓரம் நெளிந்தோ விரிந்தோ இருந்தால் அந்த டிராக்கை மாற்ற வேண்டும். தட்டி நிமிர்த்தக் கூடாது.

டிராக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. வீல்சேரைக் கட்ட மட்டும் போட்ட டிராக்கில் சீட்டை மாட்டியிருப்பார்கள். இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். சீட் காலுக்கும் டிராக்குக்கும் ஒரே தயாரிப்பாளர் பொருத்தம் சொல்லியிருக்கிறாரா, டிராக்கை அடிவரை போல்ட் போட்டுப் பிடித்திருக்கிறதா, இல்லை வெறும் ஸ்க்ரூவால் ப்ளைவுட்டில் நிற்கிறதா என்று அடியில் பாருங்கள். ஸ்க்ரூ என்றால் அந்தச் சீட்டில் ஆளை ஏற்றாதீர்கள்.

போல்ட்டில் அசைந்தால்: முதலில் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். முறுக்கியும் சில நாளில் தளர்ந்தால் போல்ட்டுக்கும் தரைக்கும் நடுவில் மெத்தென்று ஏதோ இருக்கிறது: கார்பெட், வினைல், ப்ளைவுட். அது அமுங்க அமுங்க போல்ட் தளரும். அந்த இடத்தில் விரிப்பை வட்டமாக வெட்டி, உலோகம் உலோகத்தோடு உட்காரும்படி செய்யுங்கள்.

அப்புறம் போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8, 10.9 என்று வலுவைச் சொல்லும் எண் பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாத போல்ட்டை எடுத்து எறிந்துவிடுங்கள். துருப்பிடிக்காதே என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிறவர்கள் உண்டு. ஏ2-70 என்று எழுதியிருக்கும் அந்தச் சாதாரண ஸ்டெயின்லெஸ், 8.8 போல்ட்டைவிட வலுக் குறைவு. கம்பெனி எந்தத் தரம் போட்டதோ அதே தரம்தான்.

தரையே அசைந்தால்: செலவு இங்கேதான் தொடங்குகிறது. ஐக்கிய நாடுகளின் 14-ஆம் எண் வாகன விதிப்படி, சிறிய பயணிகள் வண்டியின் மூன்று முனை பெல்ட் பிடிமானத்தைச் சோதிக்கும்போது தோள் பட்டைக்கு 13,500 நியூட்டன், மடிப் பட்டைக்கு 13,500 நியூட்டன் என்று ஒரே நேரத்தில் இழுப்பார்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 1,375 கிலோ தொங்குகிற இழுவை. பெல்ட் சீட்டிலேயே கோத்திருந்தால் சீட் எடையின் 20 மடங்கும் அதோடு சேரும். தகரத் தரைக்கு அடியில் ஒரு ரூபாய் அளவு வாஷர் வைத்து நட் போட்டால் போல்ட் தகரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். வலுவான சட்டத்தோடு சேரும் தகடுகளை அடியில் வைக்க வேண்டும். எவ்வளவு தடிமன், எங்கே என்பதை வண்டித் தயாரிப்பாளரின் மாற்றியமைப்புக் கையேடு சொல்லும். வண்டி மாற்றியமைப்பில் சான்று பெற்ற பட்டறைக்குப் போங்கள். தரையில் துரு ஏறி விரல் அழுத்தினால் நெளிகிறது என்றால், இதற்குமுன் வெல்டிங் வேலையும் இருக்கிறது.

## சீட்டின் கால் ஓட்டையோடு சேரவில்லை

பழைய சீட் என்று சொல்லி விற்றவர் வேறு ஆண்டு மாடலின் சீட்டைக் கொடுத்திருக்கலாம். நான்கு கால்களின் இடைவெளியையும் குறுக்குக் கோட்டையும் அளந்து, தரையின் ஓட்டைகளோடு ஒப்பிடுங்கள். அளவு சரியாக இருந்தும் சேரவில்லை என்றால் ப்ளைவுட்டுக்கு அடியில் கம்பெனி ஓட்டை மூடியிருக்கும். மெல்லிய கம்பியால் குத்தித் தேடலாம். ஓட்டையில் ஆணி, ரப்பர் மூடி, பழைய சீலன்ட் அடைந்திருந்தால் அதே அளவு மரை வெட்டும் கருவியை விட்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள்.

மில்லிமீட்டர் கணக்கில் வித்தியாசம் இருந்தால் நான்கு போல்ட்டையும் தளர்வாகப் போட்டுவிட்டு, பிறகு குறுக்காக முறுக்கினால் உட்கார்ந்துவிடும். சென்டிமீட்டர் கணக்கில் இருந்தால் ஓட்டையை நீளவாக்கில் ராவிச் சமாளிக்க வேண்டாம். சரியான சீட்டைத் தேடுங்கள்.

## சீட் பெல்ட் தொல்லைகள்

இழுத்தால் வரவில்லை, பூட்டிக்கொள்கிறது. வண்டி சரிவில் நிற்கிறதா பாருங்கள். சமதளத்துக்குக் கொண்டுபோய் மறுபடி இழுங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் பெல்ட் சுருளும் பெட்டி சாய்வாக மாட்டப்பட்டிருக்கிறது. உள்ளே சாய்வை உணரும் ஒரு குண்டோ ஊசலோ இருக்கும். பொதுவாக இவை 12 பாகை சாய்வு வரை பூட்டாமலும் 27 பாகையைத் தாண்டினால் கட்டாயம் பூட்டும்படியும் செய்யப்படுகின்றன. கூரையைத் தாங்கும் செங்குத்தான தூணுக்காகச் செய்த பெட்டியைச் சாய்ந்த தூணில் மாட்டினாலோ, இடப்பக்கத்ததை வலப்பக்கம் மாட்டினாலோ பிறந்த நாள் முதல் பூட்டிக்கொண்டேதான் இருக்கும். உதிரிபாக எண்ணைப் பார்த்துச் சரியானதை வாங்குங்கள். பெட்டியைத் திறந்து குண்டை எடுத்துவிடுவது கொலைக்குச் சமம்.

விட்டால் சுருளவில்லை. பட்டை முறுக்கியிருக்கும், அல்லது மேல் வளையத்தில் அழுக்கு ஏறியிருக்கும். பட்டையை முழுக்க இழுத்து, கிளிப் போட்டு நிறுத்தி, வெதுவெதுப்பான சோப்பு நீரால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். ஓரம் நூல் பிரிந்திருந்தால் மாற்றுவது தவிர வேறு வழி இல்லை.

போல்ட் போட இடமே இல்லை. லிஃப்ட் நின்ற பக்கத்தில் பெல்ட்டின் மேல் பிடிமானத்தை மாற்றம் செய்தவர்கள் எடுத்திருக்கலாம். பக்கப் பேனலைக் கழற்றிப் பார்த்தால் கம்பெனி நட் உள்ளேயே வெல்டு செய்து இருக்கவும் கூடும். பெல்ட் பிடிமான நட்டுகள் பல வண்டிகளில் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. 10 மில்லிமீட்டர் போல்ட் தொளதொளவென்று போகும், 12 மில்லிமீட்டர் நுழையாது. நட் கெட்டுவிட்டது என்று புதிதாக ஓட்டை போடுகிறவர்களை இங்கேதான் பார்க்கலாம். உண்மையிலேயே நட் இல்லை என்றால் தூணில் ஓட்டை போட்டு நீங்களே ஒன்றை வைக்காதீர்கள். பெல்ட்டோடு வரும் சீட்டைப் போடுவதா, தூணைச் சரிசெய்வதா என்பதைச் சான்று பெற்ற பட்டறை முடிவு செய்யட்டும்.

வீல்சேரில் இருந்தவருக்கு மாட்டிய பெல்ட்டைச் சீட்டுக்குப் பயன்படுத்துவதும் நடக்கிறது. கோணமும் நீளமும் வேறு; மடியில் உட்கார வேண்டியது வயிற்றில் உட்காரும். அதைக் கழற்றிவிடுங்கள்.

குழந்தை இருக்கை வைப்பவர்கள் சீட்டின் இடுக்கில் கொக்கிக் கம்பி இருக்கிறதா, பின்னால் மேல் பட்டை மாட்டும் வளையம் ப்ளைவுட்டுக்கு அடியில் புதைந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

## ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது கியர் 'பி'யிலிருந்து நகரவில்லை

லிஃப்ட் கீழே இருக்கும்போது வண்டி நகரக்கூடாது என்பதற்காக ஒரு தடுப்புச் சுற்று வைத்திருப்பார்கள். லிஃப்ட் போய்விட்டது, தடுப்பு இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறது.

முதலில் எளிதானது: ஹேண்ட் பிரேக்கும் பிரேக் மிதியும். பிறகு பிரேக் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் பிரேக் சுவிட்சோ ஃப்யூஸோ, லிஃப்டுக்குச் சம்பந்தமே இல்லை. எரிந்தால் டேஷ்போர்டில் 'கதவு திறந்திருக்கிறது' என்று காட்டுகிறதா பாருங்கள். லிஃப்ட் வழியாகப் போய்க்கொண்டிருந்த கதவு சுவிட்ச் வயரை வெட்டிவிட்டிருப்பார்கள்.

அடுத்து ஓட்டுநர் கால் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். கம்பெனி வயர்மேல் கடித்துப் பிடிக்கும் சின்ன நீலக் கனெக்டர், வேறு நிற டேப், வெறுமனே தொங்கும் முனை இவற்றில் எதைக் கண்டாலும் அங்கேதான் மாற்றம் செய்தவர் கை வைத்திருக்கிறார். லிஃப்ட் தயாரிப்பாளரின் வயரிங் படம் இருந்தால் எந்த இரண்டு வயரை மறுபடி சேர்க்க வேண்டும் என்று தெளிவாக இருக்கும். படம் இல்லாமல் இரண்டு முனைகளை ஊகத்தில் முறுக்காதீர்கள். கியர் பூட்டும் ஸ்டார்ட்டர் தடுப்பும் அதே கட்டில் போகும். தப்பாகச் சேர்த்தால் கியரில் நிற்கும்போதே ஸ்டார்ட் ஆகலாம். ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் இடம் இது.

பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும்; அதை எடுத்து உள்ளே அழுத்தினால் பூட்டு விடும். பட்டறைவரை கொண்டுபோக மட்டும்தான் அது.

## இரவு நிறுத்தினால் காலையில் பேட்டரி இல்லை

பேட்டரிக்குப் பக்கத்திலேயே தொடங்குங்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து தனியாகப் போகும் ஒரு தடித்த சிவப்பு கேபிளும், அதில் ஒரு பெரிய ஃப்யூஸோ சர்க்யூட் பிரேக்கரோ இருந்தால் அது லிஃப்ட் பம்புக்குப் போனது. மறுமுனை எங்கே? கார்பெட்டுக்கு அடியில் டேப் சுற்றிக் கிடக்கும். பேட்டரி இறங்குவதைவிடப் பெரிய ஆபத்து இது. உரசித் தரைத் தகரத்தைத் தொட்டால் தீதான். பேட்டரி முனையிலேயே கழற்றி, முழு கேபிளையும் உருவி எடுத்துவிடுங்கள்.

கேபிள் போன பிறகும் இறங்கினால் அளக்க வேண்டும். கதவுப் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, சாவியைத் தூரமாக வைத்து, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் நெகட்டிவ் வயரோடு தொடராக வைத்துவிட்டு, அரைமணி நேரமாவது விடுங்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்க வேண்டும். அப்போது ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் வண்டி நல்லது. பழைய பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். 500 மில்லி ஆம்பியர் ஓடினால் நாளுக்கு 12 ஆம்பியர் மணி போகிறது. 60 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்து நாளில் முழுக்கக் காலி, ஸ்டார்ட் ஆகாத நிலைக்கு அதற்கு முன்பே வந்துவிடும்.

ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதைவிட, ஃப்யூஸின் முதுகிலுள்ள இரண்டு உலோகப் புள்ளிகளில் மில்லிவோல்ட் அளப்பது நல்லது. தூங்கும் கம்ப்யூட்டர் எழாது. எதில் எண் காட்டுகிறதோ அந்தச் சுற்றில் மின்சாரம் ஓடுகிறது. வீல்சேர் வேன்களில் பிடிபடுவது பெரும்பாலும் சாய்தளக் கதவின் கட்டுப்பாட்டுப் பெட்டி, வீல்சேர் ஏறும்போது வண்டியைத் தாழ்த்தும் அமைப்பின் பெட்டி, அல்லது கூரையில் கூடுதலாகப் போட்ட விளக்கு. ஃப்யூஸ் எதுவுமே காட்டாமல் மின்சாரம் ஓடினால் ஆல்டர்னேட்டரோ ஃப்யூஸ் பெட்டிக்கு முன்பே கொக்கி போட்ட வயரோ. அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

## மழைக்குப் பின் தரை ஈரம்

கார்பெட்டைத் தூக்கிவிட்டுத்தான் தேட வேண்டும். ஈரம் தெரியும் இடத்தில் ஓட்டை இருப்பது அபூர்வம். ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க, இன்னொருவர் வெளியே குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக விடட்டும். மேலிருந்து விட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் புரியாது.

கதவின் ரப்பர் பீடிங் லிஃப்ட் நின்ற இடத்தில் நசுங்கியிருக்கும், மாற்றினால் தீர்ந்தது. கதவின் அடியிலுள்ள வடிகால் துளை அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். லிஃப்டின் போல்ட் ஓட்டைகளை வெறும் சிலிக்கான் வைத்து மூடியிருந்தால் அதைச் சுரண்டி எடுத்து, துருவைத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, தகடு வைத்துப் பாலியூரிதேன் சீலன்ட்டால் மூடுங்கள். பெரிய ஓட்டை என்றால் வெல்டிங். உயர்த்திய கூரை உள்ள வண்டியில் ஒட்டிய மடிப்பு விரிந்து கசிந்தால் கூரைவேலை தெரிந்தவர் வேண்டும்.

## வண்டிக்குள் புகை அல்லது எரிபொருள் வாசனை

இதற்கு மட்டும் வரிசை கிடையாது. ஜன்னல்களைத் திறந்து, ஓரம் கட்டி, எல்லோரையும் இறக்குங்கள். தரையில் மூடாத ஓட்டை வழியாகச் சைலன்சர் புகை உள்ளே வரலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தலைவலியும் தூக்கமும்தான் வரும். ட்ரில் வைத்தபோது எரிபொருள் குழாய் உரசியிருக்கவும் கூடும். வண்டியை ஓட்டிப் போகாதீர்கள். இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

## பக்கக் கதவு மூடவில்லை

கதவு ஓடும் தண்டவாளத்தில் கல், கழன்ற ப்ளைவுட் ஓரம், கடைசியாக மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். சாய்தளத்தோடு சேர்ந்து திறக்கும்படி செய்த மின் கதவு, சாய்தளம் எடுத்த பிறகு பாதியில் நின்று பீப் அடிக்கும். மோட்டாரை விடுவித்துக் கையால் தள்ளும் கதவாக ஆக்கிவிடுவது மலிவு. தரை தாழ்த்திய வண்டியின் கதவைக் கீழே நீட்டியிருப்பார்கள்; அதில் சாதாக் கதவு பொருந்தாது.

## பின்பக்கம் தூக்கி நிற்கிறது, வண்டி குதிக்கிறது

பல லிஃப்டுகளின் எடை 150 கிலோவைத் தாண்டும். அதற்காகப் போட்ட கடினமான ஸ்பிரிங் இப்போது வேலையில்லாமல் நிற்கிறது. டயர் காற்றைக் கதவோரத் தகட்டில் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். பாதிக் குலுக்கல் அதிலேயே போகும். முகப்பு விளக்கு கீழே அடிக்கும், அதை ஏற்றிச் சரிசெய்யுங்கள். மீதிக்குக் கம்பெனி ஸ்பிரிங்கைத் திரும்பப் போட வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்குவது வேண்டாம். பின் அச்சில் எடைக்கேற்பப் பிரேக் அழுத்தம் மாற்றும் வால்வு இருந்தால் ஸ்பிரிங் மாற்றியதும் அதை அளவு வைக்க வேண்டும். இது பிரேக் மெக்கானிக் வேலை. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து நின்றால் ஸ்பிரிங்கைக் குறை சொல்லுமுன், வண்டியைத் தாழ்த்தும் அமைப்பு பாதியில் சிக்கி நிற்கிறதா பாருங்கள்.

## எல்லாம் சரி, ஆனால் தகுதிச் சோதனையில் திருப்பி அனுப்புகிறார்கள்

பதிவுப் புத்தகத்தில் இருக்கும் இருக்கை எண்ணிக்கையும் வண்டியிலுள்ள சீட்டும் ஒத்துப்போகாததுதான் பெரும்பாலான நேரம் காரணம். சீட் மாட்டுமுன்பே எத்தனை இருக்கை அனுமதிப்பார்கள் என்று அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுங்கள். மாற்றுத்திறனாளி வண்டி என்று வரிச் சலுகை பெற்றிருந்தால் பல நாடுகளில் அதையும் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

சோதிப்பவருக்குப் பார்க்க முடியாததுதான் அவருக்குச் சந்தேகம். கார்பெட் விரிக்குமுன் தகடு, போல்ட் தலையின் எண், அடிப்பக்க நட் எல்லாவற்றையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டின் சான்று, பட்டறையின் கடிதம், போல்ட் வாங்கிய ரசீது இவற்றோடு அந்தப் படங்களையும் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் ஒட்டிய கார்பெட்டை மறுபடி உரிக்கச் சொல்வார்.